நான்கு பேர் ஓடினார்கள், ஒருவன் அகப்பட்டான்

என்னைப் பேசக் கூப்பிட்டவர்கள், "புதுசா சேர்ந்திருக்கிற பிள்ளைங்களுக்கு ஊக்கமா நாலு வார்த்தை சொல்லுங்க மேடம்" என்றார்கள். ஊக்கம் சம்பளத் தேதியில் தானாக வந்துவிடும், அதற்கு நான் எதற்கு? நான் சொல்ல வந்தது வேறு. சிறுவர் கோர்ட்டுக்கு வரும் ஒரு பிள்ளையின் தலையெழுத்து நம்முடைய விசாரணை அறிக்கையில் தொங்கிக்கொண்டிருக்கும். அப்போது யாரிடம் போய்க் கேட்பது, எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் நிறுத்துவது என்பதற்கு எந்தப் பயிற்சி வகுப்பும் கிடையாது. அதனால் ஒரே ஒரு கேஸைச் சொல்கிறேன். மற்றவற்றை நீங்களே பட்டுத் தெரிந்துகொள்வீர்கள்.

எழுபதுகளின் தொடக்கம். தருமபுரி தனி மாவட்டமாகிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. நான் அங்கே புரபேஷன் ஆபீசர். தோளில் பையை மாட்டிக்கொண்டு ஒரு பெண்பிள்ளை போலீஸ் ஸ்டேஷனுக்குள் நுழைந்தால் ஏட்டையா எழுந்து, "புகார் குடுக்க வந்தீங்களாம்மா, உக்காருங்க" என்பார். "குடுக்க வரலீங்க, கேக்க வந்தேன்" என்று சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் நீண்டுவிட்டது. என் மாமியார் வீட்டிலும் அதையேதான் சொல்வார்கள். அந்த வாய் இல்லாவிட்டால் இந்த வேலையில் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடித்திருக்க மாட்டேன்.

வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். தப்புச் செய்து பிடிபட்ட பிள்ளையின் வீட்டையும் பள்ளியையும் ஊரையும் விசாரித்து மாஜிஸ்ட்ரேட்டுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அதை வைத்து அவர் இரண்டில் ஒன்றைச் செய்வார். எங்கள் கண்காணிப்பில் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவார், அல்லது சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்புவார். எங்கள் பக்கத்து ஜனங்கள் அதைப் பள்ளி என்று சொல்ல மாட்டார்கள். பையன் ஜெயில் என்பார்கள். அவர்கள் சொன்னதில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை.

அங்கே இருக்கும் எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளை அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். முதல் தடவை போனபோதே எனக்கு மூக்கில் வேர்த்தது. வரிசையில் நின்ற பிள்ளைகளிடம் "எந்த ஊருப்பா?" என்று கேட்டுக்கொண்டே போனேன். எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் பின்னாலேயே "காலனிங்க" என்று ஒரு வார்த்தை வந்தது. இல்லாவிட்டால் மலையடிவாரத்து இருளர் வீட்டுப் பிள்ளையாக இருந்தான். தோட்டம் துரவு உள்ள வீட்டுப் பிள்ளை ஒருவன்கூட அந்த வரிசையில் இல்லை. நிலம் உள்ள வீட்டுப் பிள்ளைகள் மாங்காய் திருடுவதில்லையா, சண்டையில் மண்டையை உடைப்பதில்லையா? எல்லாம் செய்தார்கள். அங்கே வந்து சேரவில்லை, அவ்வளவுதான். எப்படி வந்து சேராமல் போனார்கள் என்பதை ஒரு ரயில் கேஸ் எனக்குக் காட்டிக் கொடுத்தது.

பொம்மிடிக்கும் மொரப்பூருக்கும் நடுவில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு கிராமம். பெயர் வேண்டாம். ரயில் அந்த ஊர் வழியாகத்தான் போகும், ஆனால் நிற்காது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி வெகுதூரம் திரும்பி நடக்க வேண்டும். சீசன் டிக்கெட்டில் ஹைஸ்கூல் போய்வந்த பையன்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சாயந்தர பாசஞ்சர் ஊர் எல்லைக்கு வந்ததும் அபாயச் சங்கிலியை இழுப்பார்கள். வண்டி நிற்கும். குதித்து ஓடிவிடுவார்கள். கார்டு இறங்கி வந்து திட்டிவிட்டு விசிலை ஊதுவார்.

ரயில்வே போலீஸ் எத்தனை நாளைக்குப் பொறுக்கும்? ஒருநாள் அந்த இடத்திலேயே காத்திருந்தார்கள். வண்டி நின்றது. நான்கு பையன்கள் குதித்து ஓடினார்கள். ஒருவன் அகப்பட்டான். அவனைத்தான் சிறுவர் கோர்ட்டில் நிறுத்தினார்கள். மாது என்று வைத்துக்கொள்ளுங்கள், நிஜப் பெயர் அதுவல்ல. பதினோராம் வகுப்பு, அப்போதெல்லாம் அதில்தான் எஸ்.எஸ்.எல்.சி.; பரீட்சைக்குச் சில வாரங்கள்தான் இருந்தன. அந்தக் காலனியிலிருந்து அந்தப் பரீட்சை வரைக்கும் வந்த முதல் பிள்ளை அவன். சீர்திருத்தப் பள்ளிக்குப் போனால் பரீட்சையும் போச்சு, படிப்பும் போச்சு. அதுதான் பணயம். அதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

பையனைச் சேலத்தில் சிறுவர்களை வைத்திருக்கும் இல்லத்தில் விட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தேன். ஒல்லியாக, நெடுநெடுவென்று இருந்தான்.

"சங்கிலியை இழுத்தது நீதானா?"

"இல்லீங்க. முறை வச்சுதான் இழுப்போம். அன்னிக்கு என் முறை இல்லீங்க."

"முறையா?"

"ஒரு நாளைக்கு ஒருத்தருங்க. என் முறை வந்தப்ப நானும் இழுத்திருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஊரில் கிணறு தனி, டீக்கடையில் டம்ளர் தனி, சுடுகாடும் தனி. மற்ற மூவரும் காலனிக்கு வெளியே உள்ளவர்கள், ஆனாலும் சங்கிலி இழுப்பதில் மட்டும் அந்த நால்வருக்குள் சாதி இல்லை. சரிசமமாக முறை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"அன்னிக்கு யார் முறை?"

தரையைப் பார்த்தான். "பேரைச் சொன்னா எங்கம்மா அவங்க காட்டுக்கு வேலைக்குப் போவ முடியாதுங்க."

எங்கள் பக்கத்தில் காடு என்றால் வயல்தான், மரம் அடர்ந்த காடு அல்ல. சரி என்று விட்டுவிட்டேன். "நாலு பேர் ஓடினீங்க, நீ மட்டும் எப்படி மாட்டினே?" என்று கேட்டேன். எப்படிக் கேட்டும் "மாட்டிக்கிட்டேங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டான்.

அடுத்து பள்ளிக்கூடம். தலைமையாசிரியர் கொடுத்த நடத்தைச் சான்றில் 'ஒழுக்கம் திருப்திகரமாக இல்லை' என்று இருந்தது. என்ன ஒழுக்கக் கேடு என்று கேட்டேன். அடிக்கடி தாமதமாக வருகிறான், அதற்குப் பலமுறை தண்டிக்கப்பட்டிருக்கிறான் என்றார். ஓட்டப் பந்தயத்தில் பள்ளிக்கே முதலாவதாக வருபவன் என்பதையும் அதே காகிதத்தில் நேர்மையாக எழுதியிருந்தார். கெட்ட மனுஷர் இல்லை. எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்தவர்.

"சார், அந்த ஊர்ப் பசங்க நாலஞ்சு பேரு ஒரே வண்டியில வர்றாங்க. வண்டி லேட்டுன்னா எல்லாருக்கும்தானே லேட்டு? மத்தவங்க சான்றுல இப்படி இருக்கா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு மேடம். மத்தப் பசங்களை முட்டி போட வச்சா மறுநாள் காலையில அவங்கப்பா வந்து நிப்பாரு. 'ஏன் வாத்தியாரே, வண்டி லேட்டா வந்தா எம்பையன் என்ன பண்ணுவான்?'னு கேப்பாரு. நியாயமான கேள்விதான், பதில் சொல்ல முடியாது. அதனால விட்டுடறது. இவனுக்கு யாரு வந்து கேக்கறா?"

"யாரும் வந்து கேக்காததாலதான் இவன் ஒழுக்கம் கெட்டவன் ஆயிட்டானா?"

டீ டம்ளரை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே வைத்துவிட்டார். ஆனாலும் சான்றை மாற்றவில்லை. எழுதினது எழுதினதுதான் என்றார். எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். சின்னப்பிள்ளைத்தனம்தான், இருந்தாலும் குடிக்கவில்லை.

பிறகு கிராமத்துக்குப் போனேன். எனக்கு மேலே இருந்த அதிகாரி, வேலை தெரிந்த மனிதர். விசாரணை என்றால் ஊரில் நாலு பெரிய மனுஷரைக் கேட்க வேண்டும் என்று வழக்கம் வைத்திருந்தார். கிராம முன்சீப், கர்ணம், பெரியதனக்காரர் என்று வரிசையாக. நாங்கள் எல்லாருமே அப்படித்தான் செய்துகொண்டிருந்தோம். முன்சீப் வீட்டில் நாற்காலி போட்டார்கள், மோர் கொடுத்தார்கள்.

"அந்தப் பக்கத்துப் பசங்களே அப்பிடித்தாம்மா" என்றார் முன்சீப். "அப்பன் மைசூர்ப் பக்கம் எஸ்டேட்டுக்குப் போயிட்டான். ஆத்தாக்காரி விடிஞ்சா காட்டு வேலைக்குப் போயிடறா. வூட்ல கண்டிக்க யாரு இருக்கா? அங்க அனுப்பினாத்தான் உருப்படுவான்."

"அவங்க வீட்டுக்குப் போயிருக்கீங்களா?"

"நான் எதுக்கும்மா அங்க போறேன்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிலம் உள்ளவர் பிள்ளை என்றால் அவனைப் பற்றி யாரைக் கேட்கிறோம்? நிலம் உள்ளவர்களை. அவனைத் தூக்கி வளர்த்தவர்களையும் அவனோடு உறவு கொண்டாடுபவர்களையும். காலனிப் பிள்ளை என்றால் யாரைக் கேட்கிறோம்? அதே நிலம் உள்ளவர்களை. அவன் வீட்டு வாசலை ஒருநாளும் மிதிக்காதவர்களை. இப்படி விசாரித்து, நேர்மையாக, ஒரு வரி பொய் எழுதாமல், நாங்கள் அந்த வரிசையை நிரப்பிக்கொண்டிருந்தோம். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். ஏறாமல் இருக்கப் படியை எடுத்து வைத்திருந்தது நாங்கள்தான்.

மோர்ச் சொம்பை வைத்துவிட்டு, "காலனிக்கு எந்த வழி?" என்று கேட்டேன். "அங்க எதுக்கும்மா வெயில்ல, ஆளனுப்பி இங்கயே வரச் சொல்றேன்" என்றார் முன்சீப். வேண்டாம் என்று நடந்துவிட்டேன்.

மாதுவின் அம்மா கடலைக்காட்டு வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். என்னைப் பார்த்துப் பயந்துவிட்டாள். பையனுக்கு என்னவோ ஆகிவிட்டதென்று நினைத்திருக்க வேண்டும். விஷயத்தைச் சொன்னேன்.

"என்னையக் கேக்கவா வந்தீங்க?" என்றாள். திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். "மெய்யாலுமே என்னையவா?"

"உங்களைத்தான். பையனைக் கண்டிக்க வீட்ல ஆள் இல்லைன்னு சொல்றாங்களே."

அவ்வளவுதான், பயமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "யாருங்க சொன்னது? வண்டிச் சங்கிலியப் புடிச்சி இழுக்கறானுங்கன்னு போன மாசமே காதுல விழுந்திச்சு. வெளக்கமாத்தாலயே சாத்துனனே. அந்த டேசன்ல எறங்கி நடந்து வந்தாத்தான் சோறுன்னு சொல்லி, எட்டு நாளு நடந்தே வந்தான். அப்புறம் கூட்டாளிங்க சேர்ந்து மறுபடியும் கெடுத்துட்டானுங்க." பக்கத்து வீட்டுக்காரி வாசலிலிருந்தே ஒத்து ஊதினாள். "அவ சாத்துன சாத்துல எங்க வூட்டுக் கோழி கூடைக்குள்ள பூந்துகிச்சுங்க மேடம்." சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கண்டிக்க ஆளில்லாத வீட்டைப் பற்றி முன்சீப் அவ்வளவு அழகாகச் சொன்னாரே என்று நினைத்துச் சிரித்தேன்.

மற்ற மூவர் யார் என்று அதன்பிறகு நான் யாரையும் கேட்கவே இல்லை. அதற்குள் அது தானாகவே என் ஆபீசுக்கு வந்தது. இரண்டு நாளில் வெள்ளை வேட்டியும் ஒரு கூடை வெல்லமுமாக ஒரு பெரியவர் வந்தார். அந்த ஊரில் பெரிய கரும்புக்காடும் கடலைக்காடும் அவருடையவை. மாதுவின் அம்மா அவர் காட்டில்தான் வேலை செய்தாள்.

"முதல்ல அந்தக் கூடையை வெளியில வச்சிட்டு வாங்க, எறும்பு வரும்" என்றேன். வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எம்பையன் பேரு கேஸ்ல வராதுங்களே?"

"வண்டியில இருந்தானா?"

"இருந்தானுங்க. கூட எம்பங்காளி வூட்டுப் பசங்க ரெண்டு பேரு. நான் மூணு பேரையும் நிக்க வச்சு நாலு சாத்து சாத்திட்டேன். படிக்கற புள்ளைங்க. பரீட்சை வருது. பெருசு பண்ணாதீங்க."

"சரியாத்தான் செஞ்சிருக்கீங்க" என்றேன்.

நான் சண்டைக்கு வருவேன் என்று தயாராக வந்தவர், திகைத்துப் போனார்.

"படிக்கற புள்ளை, பரீட்சை வருது, பெத்தவங்க நாலு சாத்து சாத்தியாச்சு, பெருசு பண்ண வேண்டாம். இதுல எது மாதுவுக்கு இல்லீங்க?"

"அது... அது எப்பிடிங்க..."

"எப்படி இல்லைன்னு நீங்களே சொல்லுங்க."

மடித்த துண்டை இன்னொரு தடவை மடித்தார். உங்கள் பையன் பெயரை நானாக எழுத மாட்டேன் என்று சொன்னேன். ஆனால் கேஸ் எப்படி முடிந்தாலும் அந்தம்மாவை வேலையை விட்டு நிறுத்தினீர்கள் என்று காதில் விழுந்தால் நானே உங்கள் வீட்டு வாசலுக்கு வருவேன் என்றும் சொன்னேன். "அவளை நிறுத்திப்போட்டு நான் என்னங்க பண்றது? அவ வந்து நின்னாத்தான் மத்தவங்களும் வேலைக்கு வர்றாங்க" என்றார். வெல்லக்கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

இங்கே உங்களில் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. என் அதிகாரியும் சுளித்தார். "நாலு பேர் பேரையும் எழுதும்மா. அதுதான் சமநீதி" என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எழுதினால் என்ன நடக்கும்? அந்த மூன்று பேருக்கும் வக்கீல் வருவார். அன்று சாயந்தரமே வீட்டுக்குப் போய்விடுவார்கள். மாது உள்ளேதான் இருப்பான், அவன் அம்மாவுக்கு வேலையும் போயிருக்கும். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள்? அது மட்டும் காரணமில்லை. நான்கு பிள்ளைகளும் கோர்ட்டில் நிற்பது எனக்குச் சமமாகத் தெரியவில்லை. நான்கு பிள்ளைகளும் பரீட்சை எழுதுவதுதான் சமமாகத் தெரிந்தது. இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

விசாரணை நாள் வந்தது. சிறுவர் கோர்ட் என்றால் அப்போது ஒரு பக்கத்து அறைதான். மாஜிஸ்ட்ரேட் அங்கி போடாமல் உட்காருவார், போலீஸ்காரர் அன்றைக்கு மட்டும் காக்கியைக் கழற்றிவிட்டு வருவார். பிள்ளைகள் பயப்படக் கூடாதாம். எங்கள் மாஜிஸ்ட்ரேட் அங்கி இல்லாமலேயே பயமுறுத்தக் கூடியவர். கறாரான மனிதர். ஆனால் காது கொடுத்துக் கேட்பார்.

என் அறிக்கையைக் கையில் தூக்கிக் காட்டினார். "ஸ்கூல் சர்டிபிகேட் சரியில்லை. முன்சீப் சொன்னதும் சரியில்லை. நீங்க மட்டும் வீட்டுக்கு அனுப்பலாம்னு எழுதியிருக்கீங்க. யாரைக் கேட்டு எழுதினீங்க?"

"பையனோட அம்மாவை, பக்கத்து வீட்டுக்காரங்களைக் கேட்டேன் சார்."

ரயில்வே இன்ஸ்பெக்டர் சிரித்தார். "எல்லாம் ஒரே ஆளுங்க சார். விட்டுக்குடுப்பாங்களா?"

"நிலம் உள்ளவங்க பையனுக்கு நிலம் உள்ளவங்களைத்தான் கேக்கறோம் சார்" என்றேன். "அவங்களும் ஒரே ஆளுங்கதான். அப்ப யாரும் சிரிக்கிறதில்லை."

மாஜிஸ்ட்ரேட் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வண்டியில வேற யார் இருந்தாங்க?"

"இன்னும் மூணு பேர் சார்."

"பேரு?"

"தெரியும் சார். கேக்க வேண்டாம்னு கோர்ட்டைக் கேட்டுக்கறேன்."

மாஜிஸ்ட்ரேட்டின் முகம் சிவந்தது. "நீங்க இந்தக் கோர்ட்டோட ஆபீசர். கோர்ட்டுக்குத் தெரிய வேண்டியதை மறைக்கறீங்களா?"

பயந்தேன். வேலை போகும் என்றே நினைத்தேன். இரண்டு சின்னப் பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். ஆனால் அந்த நிமிஷத்தில் வாயை மூடிக்கொண்டால் அப்புறம் திறந்து பயனில்லை.

"மறைக்கலை சார். உத்தரவு போட்டீங்கன்னா இப்பவே சொல்றேன். அதுக்கு முன்னாடி இதைக் கேட்டுடுங்க. அந்த மூணு பேரையும் அன்னிக்கே வீட்ல கண்டிச்சாச்சு. பள்ளிக்கூடம் போறாங்க, பரீட்சைக்குப் படிக்கிறாங்க. சின்னப் பிள்ளைங்க தப்புப் பண்ணா அதுதான் சார் நடக்கணும். அவங்களுக்கு நடந்தது தப்புன்னு நான் சொல்லலை. அதையே இவனுக்கும் குடுங்கன்னு கேக்கறேன். இவனையும் இவங்கம்மா வெளக்கமாத்தால கண்டிச்சாச்சு. அறிக்கையிலயே எழுதியிருக்கேன்."

மாஜிஸ்ட்ரேட் காகிதங்களைப் புரட்டினார். பிறகு பையன் பக்கம் திரும்பினார். எனக்கு அவர் எதைக் கேட்கப் போகிறார் என்று தெரிந்துவிட்டது, அதற்கு என்னிடமே பதில் இல்லை.

"நீ ஸ்கூல்ல ஓட்டத்துல முதல் ஆளுன்னு உங்க ஹெட்மாஸ்டர் எழுதியிருக்காரு. உன்னைவிட மெதுவா ஓடறவங்க மூணு பேரு தப்பிச்சிட்டாங்க. நீ மட்டும் எப்படி மாட்டினே?"

மாது என்னைப் பார்த்தான். சொல்லு என்று நான் தலையை அசைத்தேன்.

"அவங்க கரும்புக்காட்டுக்குள்ள பூந்துட்டாங்க சார். அது அவங்க காடுங்க. நான் அதுல நுழைய முடியாது. அதனால தண்டவாளத்து மேலயே ஓடினேன். எதிர்ல போலீஸ் நின்னுட்டிருந்தாங்க."

"உயிரைக் கையில புடிச்சிட்டு ஓடறப்ப யாரு காடுன்னு பார்ப்பாங்களா? பூந்துட்டா என்ன பண்ணிடுவாங்க?"

"காட்டுல மாட்டினா எங்கம்மாவையும் இழுத்துட்டுப் போயிக் கேப்பாங்க சார். போலீஸ்னா என்னைய மட்டும்தானுங்க."

ரயில்வே இன்ஸ்பெக்டரும் இதே பக்கத்து விவசாயக் குடும்பத்து ஆள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும்போதே, போலீஸ் துரத்தும்போதே, பதினாறு வயசுப் பிள்ளை ஒருத்தன் இதை யோசித்திருக்கிறான். அவனை ஒழுக்கம் திருப்தியில்லாதவன் என்று எழுதியிருக்கிறார்கள்.

மாஜிஸ்ட்ரேட் பேனாவைத் திறந்தார். மூவரின் பெயரை அப்புறம் அவர் கேட்கவில்லை. "வீட்டுக்கு அனுப்பறேன். பொறுப்பு ஏத்துக்கிறது யாரு?" என்றார்.

அங்கேதான் இன்னொரு பள்ளம் இருந்தது. பொறுப்பேற்கும் ஆள் நிலமோ வீடோ சொந்தமாக வைத்திருக்க வேண்டும் என்பது கோர்ட்டில் வெகுநாள் வழக்கம். காலனியில் யாரிடம் நிலம் இருக்கிறது? உத்தரவு வந்தும் பொறுப்பேற்க ஆளில்லாமல் உள்ளே போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மாதுவின் அம்மா முன்னால் வந்து நின்றாள். கோர்ட் குமாஸ்தா வழக்கப்படி கேட்டார். "உங்க பேர்ல பட்டா இருக்குதாம்மா?"

"பட்டாவா பெத்துச்சு? நான்தாங்க பெத்தேன்" என்றாள் அவள்.

நான் சொல்ல நினைத்து எழுதி வைத்திருந்த சட்டப்பிரிவெல்லாம் அதற்குப் பக்கத்தில் நிற்காது. மாஜிஸ்ட்ரேட் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அம்மாவே கைநாட்டு வைக்கட்டும்" என்றார்.

மறுநாள் மாதுவை அழைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். தலைமையாசிரியர் அறை வாசலில் நின்று, "என்ன வாத்தியாரே, எங்க பையன் ஹால் டிக்கெட் எங்கே?" என்றேன். அவர் மேஜை டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். "உக்காருங்க மேடம், டீ சொல்றேன்" என்றார். அன்றைக்குக் குடித்தேன்.

நம் வேலைக்குச் சட்டத்தில் எத்தனையோ பெயர் வைத்திருக்கிறார்கள், இன்னும் வைப்பார்கள். எந்தப் பெயரானாலும் இதுதான் வேலை: வந்து கேட்க ஆளில்லாத பிள்ளைக்கு நீங்கள்தான் வந்து கேட்கிற ஆள். நீங்கள் போய் நிற்பது தெரிந்தால் பாதித் தண்டனைகள் வாத்தியார் கையிலேயே நின்றுவிடும். பாதி கேஸ்கள் ஸ்டேஷனிலேயே கலைந்துவிடும். எங்கள் காலத்தில் அப்படிக் கலைந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

அந்தப் பையன் பிற்பாடு கலெக்டர் ஆனான் என்று சொல்வேன் என்றுதானே காத்திருக்கிறீர்கள்? கோடையில் ரிசல்ட் வந்தது. கண்காணிப்புக்காக ஊருக்குப் போனேன். மாதுவின் அம்மா தெருவில் நின்றபடியே, "ஃபெயிலுங்க" என்றாள். "கணக்குல போயிடுச்சு."

இத்தனை பாடும் இதற்குத்தானா என்று இருந்தது எனக்கு. என் முகத்தைப் பார்த்து அவள்தான் எனக்குச் சமாதானம் சொன்னாள்.

"இதுக்குப் போயி யாராச்சும் கண்ணக் கசக்குவாங்களா? பெரிய வூட்டுப் பையனும்தான் ரெண்டு பாடத்துல போயிட்டான். அவங்கப்பாரு செப்டம்பர்ல எழுதுடான்னுட்டாரு. நானும் செப்டம்பர்ல எழுதுடான்னுட்டேன். பரீட்சைதானுங்களே, வுட்டா புடிச்சிக்கலாம்."

பிறகு அவள் வீட்டுப் பக்கம் திரும்பி மாதுவைத் திட்ட ஆரம்பித்தாள். விளையாட்டுப் புத்தி, தூங்குமூஞ்சி, கணக்குப் புத்தகத்தைத் தலைக்கு வைத்துப் படுக்கிறவன் என்று ஒன்றுவிடாமல். எந்த வீட்டுப் பிள்ளை ஃபெயிலானாலும் விழுகிற அதே திட்டுதான். நான் பஸ் ஏறும் வரைக்கும் நிறுத்தவில்லை. காதுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.